விரிப்புக்கு முந்தைய வேலை

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் கனடாவின் அட்லாண்டிக் கரையோர மாகாணங்களிலும் உள்ள அருங்காட்சியகங்களில், ஒரு காலத்தில் தரையில் கிடந்த விரிப்புகளைச் சுவரில் மாட்டி வைத்திருப்பார்கள். கறுப்புப் பின்னணியில் சாம்பல் நிறப் பூனை, கோணலாக ஓடும் குதிரை, யாருடைய தோட்டத்திலும் பூக்காத பெரிய சிவப்புப் பூ. கீழே சிறு குறிப்புச் சீட்டு. அதில் பெரும்பாலும் மூன்று செய்திகள்தான் இருக்கும்: செய்தவர் பெயர் தெரியவில்லை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, கோணித்துணியில் கம்பளி.

'கம்பளி' என்ற அந்த ஒரு சொல்லைப் பற்றியது இக்கட்டுரை. அந்தச் சொல்லுக்குள் ஒரு பெண்ணின் பல மாத உழைப்பு மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. வரலாறு அதைப் பிரித்துப் பார்த்ததில்லை.

ரக் ஹூக்கிங் எனப்படும் இந்த வேலையைக் கொக்கி விரிப்பு என்று நாம் அழைக்கலாம். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய கோணித்துணியின் மேலிருந்து ஒரு கையால் கொக்கியை இறக்க வேண்டும். அடியில் மற்றொரு கை கம்பளிக் கீற்றைப் பிடித்திருக்கும். கொக்கி அந்தக் கீற்றை மேலே இழுத்து ஒரு சிறு கண்ணியாக விடும். அடுத்த துளையில் அடுத்த கண்ணி. முடிச்சு கிடையாது, தையல் கிடையாது. ஆயிரக்கணக்கான கண்ணிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்பதால்தான் விரிப்பு நிற்கிறது.

இது வசதியற்றவர்களின் கைவேலை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் விசைத்தறிக் கம்பளங்கள் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. காசுள்ளவர்கள் வாங்கினார்கள். செல்வர் வீட்டுப் பெண்பிள்ளைகளின் பள்ளிகள் நுண்ணிய பூத்தையலைக் கற்றுக்கொடுத்தன. கொக்கி விரிப்பை எந்தப் பள்ளியும் கற்றுக்கொடுக்கவில்லை. மெய்ன் மாநிலத்துப் பண்ணை வீடுகளிலும் நோவா ஸ்கோஷியா, நியூஃபவுண்ட்லாந்து மீனவர் குடில்களிலும் பனிக்காலத்தில் பலகைத்தரை பனிக்கட்டியாகக் குளிரும். குழந்தைகளின் கால் படும் இடத்தில் எதையாவது போட்டாக வேண்டும். வீட்டில் இருந்ததெல்லாம் கிழிந்த துணியும் காலிச் சாக்கும்தான்.

ஆனால் கிழிந்த கம்பளித் துணியை அப்படியே எடுத்துக் கொக்கியில் மாட்ட முடியாது. அதைப் பக்குவப்படுத்த வேண்டும். அந்த வேலையை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம். இன்றும் இக்கலையைச் செய்யும் பெண்கள் ஏறக்குறைய இதே வரிசையில்தான் செய்கிறார்கள்.

முதல் வேலை, தேர்வு. துணி முழுக் கம்பளியாக இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரு நூலை உருவித் தீயில் காட்டுவார்கள். கம்பளி தலைமுடி கருகும் நாற்றத்தோடு புகைந்து தானாக அணையும். சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். செயற்கை இழை உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். கம்பளியிலும் எல்லாம் உதவாது. கோட்டு சூட்டுக்கான வழவழப்பான 'வொர்ஸ்டெட்' துணியில் இழைகள் சீவி நேராக்கி இறுக்கமாக முறுக்கப்பட்டிருக்கும். அதைக் கீற்றாக வெட்டினால் ஓரம் பிரிந்து நூல்நூலாக வந்துவிடும். ஃபிளானல் போன்ற மெத்தென்ற, சற்றே சொரசொரப்பான துணிதான் வேண்டும். இந்த வேறுபாட்டை அந்தப் பெண்கள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாலே தெரிந்தது.

இரண்டாவது, பிரித்தல். பாவாடையின் இடுப்புப் பட்டி, கோட்டின் உள்துணி, காலர், பை எல்லாவற்றையும் தையலோடு தையலாகப் பிரித்தெடுக்க வேண்டும். பொத்தான்கள் டப்பாவுக்குப் போகும். முழங்காலும் முழங்கையும் தேய்ந்த இடங்கள் தனியே வெட்டப்படும். பழைய உடையைப் பிரிப்பவள் பெரும்பாலும் அதைத் தைத்தவள்தான். பத்து ஆண்டுகளுக்கு முன் தான் போட்ட தையலைத் தானே அறுக்கிறாள். கணவனின் கால்சட்டை, வளர்ந்துவிட்ட மகனின் மேலங்கி, இறந்துபோன மாமியாரின் கம்பளிப் பாவாடை என்று குடும்பத்தின் கதை அவள் மடியில் துண்டுதுண்டாகக் கிடக்கும்.

மூன்றாவது, இறுக்குதல். இதுதான் பக்குவத்தின் உயிர். கம்பளி இழையை உருப்பெருக்கியில் பார்த்தால் மீன் செதில்போல் அடுக்கடுக்காகச் செதில்கள் தெரியும். வெந்நீரும் சோப்பும் பட்டு அலசலும் உரசலும் நேரும்போது இழைகள் நகர்ந்து ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. துணி சுருங்கித் தடிக்கிறது, நெசவின் இடைவெளிகள் மூடிக்கொள்கின்றன. அதன்பின் எத்தனை மெல்லிய கீற்றாக வெட்டினாலும் ஓரம் பிரியாது. அளவு தப்பினால் துணி அட்டைபோல் விறைத்துக் கொக்கிக்குப் பணியாமல் போகும். ஒருமுறை இறுகியது மறுபடி இளகவும் இளகாது. எப்போது நிறுத்துவது என்பதுதான் இதில் அறிவு.

இந்த இறுக்குதலுக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. கம்பளி வேலைகளில் இயந்திரத்துக்கு முதலில் போனது இதுதான். மாசச்சூசெட்ஸின் ரௌலி என்ற ஊரில் 1643இலேயே நீர்விசையால் இயங்கும் துணி இறுக்கும் ஆலை எழுந்தது. ஆலையும் கூலியும் ஆண்களிடம் போயின. அதற்கு முந்தைய வேலையான நூற்றல், மணிக்கணக்கில் உட்கார்ந்து செய்யும் வேலை, வீட்டுப் பெண்களிடமே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் தங்கிவிட்டது. எந்த வேலைக்கு இயந்திரம் வருகிறது, எந்த வேலை 'பெண்களின் பொறுமைக்கு' விடப்படுகிறது என்பதைத் தொழில்நுட்பம் மட்டும் தீர்மானிப்பதில்லை.

ஆலை எட்டாத ஊர்களில் கைகளே ஆலையாயின. ஸ்காட்லாந்தின் தீவுகளில் பெண்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து, புளித்த சிறுநீரில் ஊறிய புதுக் கம்பளித் துணியைப் பலகையில் அடித்து அடித்துச் சுற்றுக்கு விடுவார்கள். அடிக்கு ஏற்ற தாளத்தில் பாட்டும் நடக்கும். சிறுநீரில் உண்டாகும் அம்மோனியா எண்ணெய்ப் பிசுக்கை நீக்கிச் சாயத்தை நிலைக்கச் செய்யும். அங்கிருந்து நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெட்டன் தீவுக்குக் குடியேறியவர்கள் இவ்வழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். அங்கே நாளடைவில் ஆண்களும் மேசையில் சேர்ந்துகொண்டார்கள். இன்று சுற்றுலாப் பயணிகளுக்கு அது ஓர் இசை நிகழ்ச்சி. பாட்டுகள் பதிவு செய்யப்பட்டுவிட்டன. துணி என்னவாயிற்று என்று கேட்பவர் குறைவு.

இப்போது இவ்வேலையை வாஷிங் மெஷினும் டிரையரும் செய்கின்றன. சூடான நீர், சிறிது சோப்புத்தூள், மிதமான சூட்டில் உலர்த்தல். சிவப்பையும் கருநிறங்களையும் தனியே போட வேண்டும் என்பது மட்டும்தான் எச்சரிக்கை. ஆனால் கொக்கி விரிப்பு தோன்றிய காலத்தை நினைத்துப் பாருங்கள். கிணற்றிலிருந்து நீர் சுமந்து, விறகு வெட்டி, அண்டாவில் கொதிக்கவைத்து, பலகையில் தேய்த்து, உறைபனியில் கொடியில் காயப்போட வேண்டும். இதை 'ஓய்வுநேரக் கைவேலை' என்று எழுதியவர்கள் அந்த வாளியைத் தூக்கிப் பார்க்காதவர்கள்.

நான்காவது, சாயம். ஏழை வீட்டுப் பழைய உடைகளின் நிறம் பெரும்பாலும் சாம்பல், பழுப்பு, கறுப்பு. பூவுக்குச் சிவப்பும் இலைக்குப் பச்சையும் எங்கிருந்து வரும்? வெங்காயத் தோலைக் கொதிக்கவைத்தால் பொன்னிறம் முதல் செம்பழுப்பு வரை. வால்நட் காயின் மேலோட்டிலிருந்து ஆழ்ந்த பழுப்பு. பாறையில் படரும் பாசியிலிருந்து துருநிறம். நீலத்துக்கு அவுரி. அவுரிப் பானையும் சிறுநீர்ப் பானைதான். வாரக்கணக்கில் அடுப்பின் கதகதப்பில் மூடி வைத்திருப்பார்கள். 1856இல் செயற்கைச் சாயம் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் சிறு உறைகளில் அடைத்த சாயப்பொடி கிராமத்துக் கடைகளுக்கு வந்துவிட்டது. கம்பளி புரத இழை என்பதால் அமிலம் கலந்த சுடுநீரில் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். வினிகர் ஊற்றிக் கொதிவராத சூட்டில் வைத்திருந்தால், கலங்கியிருந்த நீர் மெல்லத் தெளியும். நீர் தெளிந்துவிட்டால் நிறம் துணிக்குள் போய்விட்டது என்று பொருள். இது வேதியியல். ஆனால் சமையல் அடுப்பில், சமையல்காரியால் நடந்ததால் அதற்கு 'கைப்பக்குவம்' என்று பெயர்.

இவ்வேலையில் 'கல்யாணம் செய்துவைத்தல்' என்று ஒன்று உண்டு. பொருந்தாத நிறத் துணிகள் பலவற்றை ஒரே பாத்திரத்தில் சோப்பு நீரில் போட்டுக் காய்ச்சுவார்கள். ஒவ்வொன்றும் தன் சாயத்தைச் சிறிது விடும், மற்றதன் சாயத்தைச் சிறிது ஏற்கும். பிறகு வினிகர் ஊற்றி நிறுத்திவிடுவார்கள். எல்லாம் ஒரே குடும்பம்போல் ஆகிவிடும். பெயர் வைத்தவர்கள் சிரித்துக்கொண்டேதான் வைத்திருக்க வேண்டும். பாத்திரத்துக்குள் எல்லாத் துணியும் நிறம் விடுகிறது. வீட்டுக்குள் பெரும்பாலும் ஒரே துணிதான் விடுகிறது.

ஐந்தாவது, வெட்டுதல். துணியை முதலில் வெட்டாமல் கிழிப்பார்கள். கிழிசல் நூலோட்டத்தின் வழியே நேராகப் போகும். அதைப் பிடித்துக்கொண்டு கீற்றுகளை வெட்டலாம். கோணலாக வெட்டிய கீற்று கொக்கியில் இழுபடும்போது அறுந்துவிடும். கைப்பிடியைச் சுற்றும் வெட்டுக் கருவிகள் வந்தது பின்னாளில்தான். அதற்கு முன் கத்தரிக்கோல் மட்டுமே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கொக்கி விரிப்புக்கு அதன் பரப்பைப்போல் நான்கு முதல் ஐந்து மடங்கு கம்பளி வேண்டும் என்பது அனுபவக் கணக்கு. 2 அடிக்கு 3 அடி, அதாவது வாசற்படிக்குப் போடும் கால்மிதி அளவுக்குச் சற்றே பெரிய ஒரு விரிப்பு 6 சதுர அடி. அதற்கு 24 முதல் 30 சதுர அடி துணி. கால் அங்குல அகலக் கீற்றுகளாக அதை வெட்டினால் மொத்த நீளம் ஏறக்குறைய 350 முதல் 440 மீட்டர் வரும். கத்தரிக்கோலால் அத்தனை மீட்டர். கீற்றைப் பாதி அகலமாக்கினால் நீளம் இரட்டிக்கும். இவ்வளவும் முடிந்த பிறகே முதல் கண்ணியை இழுக்க முடியும்.

இனி, இந்தக் கலையின் வரலாற்றில் யாருடைய பெயர்கள் நிலைத்திருக்கின்றன என்று பார்ப்போம். முதலில் வருபவர் எட்வர்ட் சாண்ட்ஸ் ஃப்ராஸ்ட். மெய்ன் மாநிலத்தின் பிடஃபோர்ட் ஊரில் தகரச் சாமான் விற்றவர், உள்நாட்டுப் போரில் பணியாற்றியவர். 1868இல் மனைவி விரிப்பு கொக்கிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அவருக்கு நல்ல கொக்கி ஒன்றைச் செய்துகொடுத்தார். பிறகு நல்ல படம் ஒன்றை வரைந்துகொடுத்தார். அக்கம்பக்கத்தார் கேட்கவே, உலோகத் தகட்டில் அச்சு வெட்டிக் கோணித்துணியில் படங்களைப் பதித்து விற்கத் தொடங்கினார். 1876இல் தொழிலை விற்றுவிட்டு விலகினார். அவரைப் பலரும் இக்கலையின் முன்னோடியாக எழுதுகிறார்கள். அவர் பார்த்துக் கற்றது யாரிடம்? அந்தப் பெண் வரலாற்றில் 'மனைவி' என்ற சொல்லாக மட்டும் நிற்கிறார்.

ஃப்ராஸ்ட் விற்றது படம் மட்டுமே என்பதையும் கவனிக்க வேண்டும். அதை நிரப்பும் கம்பளியை வாங்கியவளேதான் தேட வேண்டும், பிரிக்க வேண்டும், காய்ச்ச வேண்டும், வெட்ட வேண்டும். விலை போடக்கூடிய பகுதி சந்தைக்குப் போயிற்று. விலை போட முடியாத பகுதி அடுக்களையில் தங்கிற்று. வில்லியம் வின்த்ராப் கென்ட் 1930இல் கொக்கி விரிப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். இக்கலையின் வேரை இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் ஆலைகளில், தறியில் மிஞ்சிய நூல் துண்டுகளைத் தொழிலாளர்கள் வீட்டுக்கு எடுத்துப்போன வழக்கத்தில் அவர் தேடினார். மாலுமிகளின் கயிற்று வேலையில் தேடியவர்களும் உண்டு. எங்கே பிறந்தது என்பது நல்ல கேள்விதான். யாருடைய நேரத்தில் வளர்ந்தது என்பதையும் சேர்த்துக் கேட்டிருக்கலாம்.

விரிப்புக்குக் கூலி கிடைத்த இடங்களும் உண்டு. ஆங்கிலேய மருத்துவர் வில்ஃப்ரட் கிரென்ஃபெல் 1892இல் லாப்ரடார் கரைக்கு வந்தார். நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஆன்டனியில் அவரது மிஷன் மருத்துவமனை நடத்தியது. 1906இல் ஜெஸ்ஸி லூதர் என்ற அமெரிக்கக் கைவினைஞர் அங்கே வந்து கைத்தொழில் பிரிவைத் தொடங்கினார். அப்பெண்கள் முன்பே விரிப்பு செய்துகொண்டிருந்தார்கள். மீன்பிடிப் பருவம் தொடங்குமுன் பிப்ரவரியும் மார்ச்சும் அவர்களுக்கு 'விரிப்புக் காலம்'. மிஷன் வெளியூர்ச் சந்தையைக் காட்டியது. பனிக்கரடி, நாய் வண்டி, பனிப்பாறை என்ற கிரென்ஃபெல் விரிப்புகள் புகழ்பெற்றன. 1920களில் அமெரிக்கப் பெண்களிடம் கிழிந்த பட்டுக் காலுறைகளை அனுப்பச் சொல்லி மிஷன் விளம்பரம் செய்தது. மூட்டை மூட்டையாகக் காலுறைகள் வந்தன. அவற்றுக்குச் சாயமேற்றி, கீற்றாக்கி, மயிரிழை நுணுக்கத்தில் கொக்கித்தார்கள்.

அக்கரையில் மீனவர்கள் வணிகரிடம் கடனில் பொருள் வாங்கி, மீனால் கழித்தார்கள். பணம் கண்ணில் படாத பொருளாதாரம் அது. கணக்கும் ஆணின் பெயரில்தான். அங்கே விரிப்பு வேலை பெண்ணின் கையில் ஏதோ ஒன்றைக் கொடுத்தது, அது பல வேளைகளில் பணமாக அல்லாமல் உடைகளாகவே இருந்தாலும். அதைச் சிறிதென்று நாம் தள்ளிவிடக் கூடாது. ஆனால் உரிய கூலியா அது என்று கேட்காமலும் இருக்கக் கூடாது.

கேப் பிரெட்டனின் ஷெட்டிகாம்ப் கிராமத்துப் பெண்கள் அதைக் கேட்டார்கள். பிரெஞ்சு பேசும் அகேடிய மீனவக் குடும்பங்கள் அவை. ஊர் ஊராக வரும் வியாபாரிகள் லினோலியம் போன்ற பண்டங்களைக் கொடுத்து அவர்களின் விரிப்புகளை வாங்கிப் போவார்கள். 1927இல் லிலியன் பர்க் என்ற அமெரிக்க ஓவியர் அங்கே வந்து வடிவங்கள் கொடுத்தார், நிறங்களை மென்மையாக்கினார், கிழிசல் துணிக்குப் பதில் கம்பளி நூலைப் பயன்படுத்தச் செய்தார், நியூயார்க்கில் சந்தை கண்டார். 1937இல் 600 சதுர அடிக்கும் மேற்பட்ட ஒரே விரிப்பைக்கூட அப்பெண்கள் செய்து முடித்தார்கள். ஆனால் அந்த ஆண்டுகளிலேயே ஊதியம் குறித்த மனக்கசப்பும் முற்றியது. சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி. சாயமேற்றிய, நூலைத் தயார்செய்த நேரத்துக்குச் சதுர அடி ஏது? சில பெண்கள் பிரிந்து, தாங்களே வடிவமைத்துத் தாங்களே விற்கத் தொடங்கினார்கள். அந்த ஊரில் 1914இல் பிறந்த எலிசபெத் லெஃபோர்ட் நூற்றுக்கணக்கான நிறச்சாயல்களில் கம்பளி ஓவியங்கள் செய்தார். அவை வெள்ளை மாளிகைக்கும் வத்திக்கானுக்கும் போயின. இன்று ஷெட்டிகாம்பில் அவர் பெயரில் ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது.

விரிப்பைப் புரட்டிப் பார்த்தால் நமக்குத் தெரிந்த ஒன்று கண்ணில் படும்: சணல். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து உலகெங்கும் தானியமும் தீவனமும் சணல் சாக்கில் பயணித்தன. அதன் நெசவு கொக்கி நுழையும் அளவுக்குத் தளர்வானது. அதனால்தான் இக்கலை அக்காலத்தில் அப்படிப் பரவியது. சணல் வங்காளத்தில் விளைந்தது. முதலில் ஸ்காட்லாந்தின் டண்டி நகர ஆலைகளிலும், 1855இல் ரிஷ்ராவில் ஆலை தொடங்கியபின் ஹூக்ளிக் கரையிலும் நெய்யப்பட்டது. முழங்கால் நீரில் நின்று சணல் உரித்தவர்களும் ஆலையில் நூற்ற பெண்களும் மெய்ன் மாநிலத்துப் பூனைக்கு அடியில் இருக்கிறார்கள். குறிப்புச் சீட்டில் அவர்களும் இல்லை.

இன்று உலகம் கழித்துப்போடும் கம்பளி உடைகள் ஹரியானாவின் பானிபட்டுக்கு வருகின்றன. அங்கே பெண் தொழிலாளர்கள் பொத்தானையும் ஜிப்பையும் லைனிங்கையும் அறுத்தெடுத்து, நிறவாரியாகப் பிரித்துக் குவிக்கிறார்கள். பிறகு அவை அரைபட்டு மலிவான போர்வையாகின்றன. பிரித்தல், தேர்தல், நிறம் சேர்த்தல் என்று வேலை மாறவில்லை. நோவா ஸ்கோஷியப் பெண் தன் வீட்டு விரிப்புக்காகச் செய்ததை இவர்கள் யாருடைய போர்வைக்காகவோ செய்கிறார்கள்.

மீரியம் ஷபீரோவும் மெலிஸா மேயரும் 1977-78இல், பெண்கள் காலங்காலமாகத் துண்டுகளைச் சேகரித்து, காத்து, ஒட்டிச் செய்த கலைக்கு 'ஃபெம்மேஜ்' என்று பெயரிட்டார்கள். சேர்த்து வைப்பதும் கலையின் ஒரு பகுதியே என்று அவர்கள் சொன்னது முக்கியமானது. நான் ஒரு படி கூட்டிச் சொல்வேன்: பக்குவப்படுத்துவதும் அதன் பகுதியே. எந்தத் துணி பிரியும், எந்த நீர் தெளிந்தது, எப்போது நிறுத்த வேண்டும் என்ற அறிவு இல்லாமல் அந்தப் பூனை இல்லை. இந்த உழைப்பு வீட்டுத் துவைப்போடும் சமையலோடும் ஒரே அடுப்பில், ஒரே கைகளில் நடந்ததால் தனி வேலையாக எண்ணப்படவில்லை. எண்ணப்படாததால் எழுதப்படவில்லை.

எழுதுவதற்கு இப்போதும் வழி இருக்கிறது. உங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் ஒரு துணிப்பொருளின் முன் நிற்கும்போது, வடிவத்தைப் பார்த்த பிறகு பொருளின் பெயரையும் படியுங்கள். பருத்தி, பட்டு, கம்பளி, சணல் என்று ஒரே சொல்லில் போட்டிருப்பார்கள். அது அங்கே வருவதற்குள் யார் பிரித்தார்கள், யார் தண்ணீர் சுமந்தார்கள், யார் காய்ச்சினார்கள் என்று கேளுங்கள். 'செய்தவர் பெயர் தெரியவில்லை' என்ற வரியின் பொருள் அப்போது சற்று மாறும். பெயர் தானாகத் தொலைந்துபோகவில்லை. எழுதி வைக்க வேண்டியவர்கள் எழுதவில்லை.